கப்பல் காத்திருக்காது, ஸார்!

உல்லாசக் கப்பல் டிக்கெட்டைப் பற்றி முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் விலையில் படுக்கை உண்டு. மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. (மூன்று என்பது நாகரிகத்துக்காகச் சொன்னது. மனசு வைத்தால் ஏழு வேளையும் சாப்பிடலாம். கேட்பாரில்லை.) நீச்சல் குளம் உண்டு. ராத்திரியில் பாட்டு, டான்ஸ், மேஜிக் எல்லாம் உண்டு. ஆனால் கப்பல் போய் நிற்கிற ஊரைச் சுற்றிப் பார்ப்பது மட்டும் அதில் அடங்காது. அதற்குத் தனிக் காசு!

இந்தச் சமாசாரத்துக்கு ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று பெயர். நாம் கரைச் சுற்றுலா என்று வைத்துக்கொள்வோம். காலையில் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும். சாயங்காலம் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கிற எட்டோ பத்தோ மணி நேரத்தில் ஊரைப் பார்த்தாக வேண்டும். கப்பல் கம்பெனியே பஸ் வைத்து, கொடி பிடித்த கைடு வைத்து, உங்கள் சட்டையில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, எல்.கே.ஜி. குழந்தைகளைப் போல வரிசையாக அழைத்துப் போகும். சௌகரியம்தான். ரேட்டைப் பார்த்தால்தான் லேசாகத் தலை சுற்றும். கடல் காற்று என்று சமாளிக்க வேண்டியிருக்கும்.

"எதுக்கு ஸார் அவ்வளவு? நாலு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடிச்சா பாதிக் காசில் முடிஞ்சிடுமே!" என்று உங்களுக்குள் இருக்கும் மாதச் சம்பளக்காரர் உடனே குரல் கொடுப்பார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அவரிடம் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"வேன் திரும்பி வர லேட்டானால்?"

மற்ற எல்லா விஷயமும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

பி.காம். கணக்கு

அடியேன் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. இதையும் எழுதிப் பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் டூர் தலைக்கு 6,000 ரூபாய். நீங்கள் 4 பேர் என்றால் 24,000. நாள் முழுக்க ஒரு தனி வேன் 12,000. மிச்சம் 12,000 ரூபாய்! வேனில் ஏசி உண்டு, நினைத்த இடத்தில் நிற்கலாம், அம்மாவுக்கு மூட்டு வலி என்றால் மெதுவாக நடக்கலாம். கப்பல் பஸ்ஸிலோ நாற்பது பேர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாற்பது பேரும் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் அரை மணி நேரம் காலி.

ஆக, வேன்தான் லாபம். அக்கவுண்ட்டை முடித்துவிடலாமா?

கூடாது. பாலன்ஸ் ஷீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும், கவனித்திருப்பீர்கள். கன்டின்ஜென்ட் லயபிலிடி. வரலாம், வராமலும் போகலாம், வந்தால் ஆளைக் காலி பண்ணிவிடும் என்கிற வகைக் கடன். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு விமானம், ராத்திரி தங்க ஓட்டல், தேவைப்பட்டால் புது விசா, எல்லாம் உங்கள் செலவு. அதிலும் கடைசி நிமிட விமான டிக்கெட்! மிச்சம் பிடித்த 12,000 அதில் ஒரு மூலைக்குக் காணாது.

கப்பல் கம்பெனியின் டூர் பஸ்ஸே லேட்டானால் கதை வேறு. பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் பஸ்ஸுக்காகக் கப்பலை நிறுத்தி வைக்கும். முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஆகவே அவர்கள் கூடுதலாக வாங்குகிற காசை வெறும் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. அதில் ஒரு பகுதி இன்ஷூரன்ஸ் பிரீமியம். எல்லா ஊரிலும் அந்தப் பிரீமியம் கட்டுகிறவர் ஏமாளி. எந்த ஊரிலும் கட்ட மாட்டேன் என்பவர் அசட்டுத் துணிச்சல்காரர். எந்த ஊரில் கட்டுவது, எந்த ஊரில் கட்டாமல் தப்பிப்பது என்று தெரிந்து வைத்திருப்பவர்தான் கெட்டிக்காரர்.

ஏன் காத்திருக்காது?

"ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வெச்சா என்ன குடியா முழுகிடும்?" என்று கேட்கலாம். நம்ம ஊர் டவுன் பஸ்ஸையே கையைக் காட்டி நிறுத்தியவர்கள் நாம். ஆனால் கப்பலுக்குத் துறைமுகத்தில் இடம் மணிக்கணக்கில் ஒதுக்கப்படுகிறது. கப்பலை வெளியே வழிநடத்துகிற பைலட் குறித்த நேரத்துக்கு வந்து ஏறுவார். இழுவைப் படகுகள் புக் ஆகியிருக்கும். சில இடங்களில் கடல் ஏற்ற இறக்கம் வேறு பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு அடுத்த கப்பல் வெளியே நின்றுகொண்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே 2,000, 3,000 பேர் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

2024 மார்ச் 27-ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். ஆப்பிரிக்கா பக்கம் சாவோ டோமே என்றொரு தீவு. நார்வீஜியன் டான் என்ற கப்பல் அங்கே போயிருந்தது. 8 பயணிகள் தனியாக டூர் ஏற்பாடு செய்துகொண்டு போனார்கள். திரும்பி வர லேட். கப்பல் இன்னும் கண்ணெதிரே நங்கூரம் போட்டு நிற்கிறது! உள்ளூர் கடலோரக் காவல் படை படகில் ஏற்றிக் கப்பலருகே கொண்டுபோயும் பார்த்தது. ஏற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் பல நாடு தாண்டி அடுத்த துறைமுகமான காம்பியாவுக்குப் போய்க் காத்திருந்தால், கடல்நீர் மட்டம் சரியில்லை என்று கப்பல் அங்கே வரவே இல்லை! அங்கிருந்து ரோடு வழியாக செனகல் போய், ஏப்ரல் 2-ஆம் தேதிதான் கப்பலைப் பிடித்தார்கள். ஒரு சாயங்காலத்துத் தாமதம், ஆறு நாள் அலைச்சல்.

ஆப்பிரிக்காவில் இருக்கிற சட்டம்தான் ஆசியாவிலும்.

முதல் விதி: ஊர் பெயரை நம்பாதீர்கள்

கப்பல் விளம்பரத்தில் 'பாங்காக்' என்று போட்டிருக்கும். பக்கத்தில் பொடியாக 'லாம் சபாங்' என்று இருக்கும். நீங்கள் இறங்கப்போவது அந்தப் பொடி எழுத்தில்தான்! ஆசியாவில் இந்த வித்தை ரொம்ப சகஜம். ஆகவே டிக்கெட் வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் காரியம், ஒவ்வொரு ஊருக்கும் துறைமுகத்தின் நிஜப் பெயரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்று மேப்பில் அளப்பது. அளந்தால் துறைமுகங்கள் மூன்று ஜாதியாகப் பிரிந்துவிடும்.

இறங்கினால் ஊர்

இந்த ஜாதிக்கு நல்ல உதாரணம் பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் பியர் என்ற துறையில் கப்பல் நிற்கும். கேட்டைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊர். கார்ன்வாலிஸ் கோட்டை, விக்டோரியா மணிக்கூண்டு எல்லாம் நடந்தே போகிற தூரம். இன்னும் கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா. ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டு அலறும், பூக்கட்டிக்கொண்டிருப்பார்கள். குவீன் ஸ்டிரீட்டில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். மத்தியானம் நாசி கந்தர். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடி போலச் சுமந்து விற்றதால் வந்த பெயர். இலை இல்லாத குறை தவிர நம்ம வீட்டு விருந்துதான்.

இந்த ஊருக்குக் கப்பல் டூர் வாங்குவது, பக்கத்துத் தெரு கல்யாணத்துக்கு டாக்ஸி வைத்துக்கொண்டு போகிற மாதிரி. கூட்டமாகப் போனால் பினாங்கு ஹில்லுக்கு மட்டும் ஒரு கார் பிடித்துக்கொள்ளலாம். 1923-லிருந்து அங்கே மலை ரயில் ஓடுகிறது. ஆனால் விடுமுறை நாளில் ரயிலுக்கு நிற்கிற க்யூவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மேலே போவதற்கு ஒரு க்யூ என்றால், கீழே இறங்குவதற்கும் ஒரு க்யூ உண்டு. இரண்டாவது க்யூவில்தான் பல பேருக்கு வியர்க்கும்.

ஹாங்காங்கில் கப்பல் ஓஷன் டெர்மினலில் நின்றால் அதுவும் இதே ஜாதி. இறங்கினால் ஸ்டார் ஃபெர்ரி படகுத் துறை பக்கத்திலேயே. ஆனால் கை டாக் டெர்மினலில் நின்றால் அப்படியில்லை. அது பழைய விமான நிலையத்தின் ஓடுபாதையில் 2013-ல் திறந்தது. ஊருக்குள் வர பஸ்ஸோ டாக்ஸியோ வேண்டும். ஒரே ஊர், இரண்டு டெர்மினல், இரண்டு கணக்கு! அதனால்தான் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன்.

ஒரு மணி நேர ஊர்

கோலாலம்பூர் போகிற கப்பல்கள் நிற்பது போர்ட் கிளாங்கில். அதிலும் கப்பல் டெர்மினல் இருப்பது புலாவ் இண்டா என்ற தீவில். பாலம் உண்டு. நல்ல ரோடு. சாதாரணமாக ஒரு மணி நேரம், ஆபீஸ் நேரத்து நெரிசலில் இன்னும் கூட. இந்த ஜாதி ஊர்களில் தனி வேன் சரியான ஏற்பாடு. நம்மவர்கள் எல்லோரும் பத்து மலை முருகனைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். 2006-ல் திறந்த சிலை. 140 அடி உயரம். குகைக்கு ஏற 272 படி. ஆனால் பத்து மலை கோலாலம்பூருக்கு வடக்கே இருக்கிறது. துறைமுகமோ நேர்மாறாக, தென்மேற்கில். ஆகவே முதலில் தூரத்தில் உள்ள முருகன், பிறகு திரும்புகிற வழியில் ஊர், கடைசியில் துறைமுகம் என்று வாருங்கள். எந்தத் துறைமுகத்திலும் இதுதான் விதி. தொலைவில் இருப்பதை முதலில் முடித்துவிட்டு, கப்பலை நோக்கி நெருங்கிக்கொண்டே வர வேண்டும். கடைசி ஐட்டம் கப்பலுக்குப் பக்கத்தில் இருந்தால், டிராபிக்கில் மாட்டினாலும் அந்த ஐட்டத்தை வெட்டிவிட்டு நேரே கப்பலுக்கு வந்துவிடலாம்.

இரண்டு மணி நேர ஊர்

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். லாம் சபாங்கிலிருந்து பாங்காக் போக சுமார் 2 மணி நேரம். பாங்காக் டிராபிக்கின் மூட் சரியில்லை என்றால் அதற்கும் மேல். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும், இப்படி:

கப்பல் கிளம்புவது 6 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம் பொதுவாக அரை மணி முன்னால். ஆக 5.30. டயர் பஞ்சர், மழை, ஊர்வலம் இத்யாதிகளுக்காக 2 மணி நேரம் கைவசம். ஆக 3.30-க்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து கிளம்ப வேண்டியது 1.30. காலையில் கப்பல் 7 மணிக்கு வந்தாலும் அதிகாரிகள் பேப்பர் பார்த்து, கப்பல் டூர்க்காரர்கள் முதலில் இறங்கி, நீங்கள் வேனில் ஏற 8 ஆகும். பாங்காக் போய்ச் சேர 10.

மீதி என்ன? மூன்றரை மணி நேரம்! இதில் அரண்மனை ஒன்று, பக்கத்திலேயே வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் புத்தர், ஒரு தட்டு நூடுல்ஸ். அவ்வளவுதான். மிதக்கும் மார்க்கெட், ஷாப்பிங், மசாஜ் என்று லிஸ்ட் போட்டு வைத்திருப்பவர்கள் அதை மடித்து அடுத்த வருஷத்து டைரியில் வைத்துக்கொள்ளவும்.

இன்னொரு வழியும் உண்டு. பாங்காக் ஆசையையே விட்டுவிடுங்கள். லாம் சபாங்குக்குப் பக்கத்திலேயே பட்டாயா இருக்கிறது. (அவசரப்படாதீர்கள் பிரதர், பகலில்தான் போகப் போகிறீர்கள்.) கடலோரத்தில் முழுக்க மரத்தாலேயே செதுக்கிய 'சத்தியத்தின் சந்நிதி' என்ற பிரம்மாண்டமான கட்டடம் அங்கே. குழந்தைகள் கூட இருந்தால் காவோ கியாவ் மிருகக்காட்சி சாலை. 2024 ஜூலையில் பிறந்து, மூ டெங் என்று பெயர் வாங்கி, உலகம் பூரா போட்டோவில் வலம் வந்ததே ஒரு குட்டி நீர்யானை, அது பிறந்த இடம் இதுதான்.

வியட்நாமிலும் இதே கதை. 'ஹோ சி மின் சிட்டி' என்று போட்டிருக்கும். நிற்பது ஃபூ மி துறைமுகத்தில். சைகோனுக்குள் நுழைய ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். யுத்த காலத்து கூ ச்சி சுரங்கங்களைப் பார்க்கலாம் என்று சில பேர் கிளம்புவார்கள். அது நகரத்தைத் தாண்டி அந்தப் பக்கம்! போக வர ரோட்டிலேயே பொழுது போய்விடும். அதைவிட நகரத்தோடு நிறுத்திக்கொண்டு, ட்ரூவோங் டின் தெருவில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். வியட்நாம்காரப் பெண்கள் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஹா லாங் விரிகுடாவில் நிற்கிற கப்பலிலிருந்து ஹனோய்க்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் புரிவதில்லை. எக்ஸ்பிரஸ் ரோடிலேயே இரண்டரை மணி நேரம். 1994-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விரிகுடா காலடியில் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான பாறைத் தீவுகள். உள்ளூர்ப் படகை வாடகைக்குப் பிடித்தால் போதும். மணவறையில் மாப்பிள்ளையைப் பார்க்காமல் பந்தியில் பாயசத்தைத் தேடிப் போன கதைதான் ஹனோய் பயணம்.

இரண்டு மணி நேர ஊர்களுக்கு என் தீர்ப்பு: முதல் தடவை போகிறவர், பெரியவர்களை அழைத்துப் போகிறவர், ராத்திரி தூக்கம் முக்கியம் என்பவர், மூவரும் பிரீமியத்தைக் கட்டிவிட்டுக் கப்பல் பஸ்ஸிலேயே போங்கள். மற்றவர்கள் மேலே போட்ட கணக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

படகு ஏறி, படகு இறங்கி

புக்கெட்டில் பல கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிடும். சின்னப் படகில் கரைக்கு வர வேண்டும். டெண்டர் என்பார்கள். டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். இங்கேயும் கப்பல் டூர்க்காரர்களுக்குத்தான் முதல் மரியாதை. ஆகவே வேன் டிரைவரிடம் "கப்பல் 8 மணிக்கு வருது, 8.15-க்கு வந்துடறேன்" என்று சொல்லாதீர்கள். 9.30 என்று சொல்லுங்கள்.

திரும்பும்போது இன்னொரு கண்ணி. உங்களுக்கு முக்கியம் கப்பல் கிளம்புகிற நேரமல்ல, கடைசி டெண்டர் கரையை விட்டுக் கிளம்புகிற நேரம். கடைசிப் படகுக்கு முக்கால்வாசிக் கப்பலும் மணலில் வரிசை கட்டி நிற்கும்.

மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடல் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று. அலை அதிகமானால் டெண்டர் விட மாட்டார்கள். கேப்டன் மைக்கில் வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கப்பலை விட்டுவிடுவார். கப்பல் டூர் வாங்கியிருந்தால் பணம் தானாகத் திரும்பிவிடும். தனி டூருக்கு? அதை முன்னாலேயே எழுத்தில் வாங்க வேண்டும். "கப்பல் வராவிட்டால் அட்வான்ஸ் முழுக்கத் திருப்பித் தரப்படும்." இந்த ஒரு வரி இல்லாத இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். துறைமுக டூர் நடத்துகிறவர்களுக்கு இது பழகிய நிபந்தனைதான். அதே சமயம் நாமும் நியாயமாக நடக்க வேண்டும். காலையில் சோம்பல் முறித்துவிட்டு, "இன்னிக்கு நீச்சல் குளத்திலேயே இருந்துடலாமே" என்று நீங்கள் படுத்துவிட்டால், உங்களை நம்பி வேறு சவாரியை விட்டுவிட்டு வெயிலில் போர்டு பிடித்து நிற்கிற மனிதருக்கு அன்றைய கூலி போச்சு. வராவிட்டால் முதல் நாளே தகவல் சொல்லிவிடுங்கள்.

மணி என்ன ஸார்?

சிங்கப்பூர், மலேசியா நேரம் ஒன்று. தாய்லாந்து, வியட்நாம் நேரம் அதற்கு ஒரு மணி பின்னால். சில கப்பல்கள் ஊருக்கு ஊர் கடிகாரத்தை மாற்றும். சில மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். உங்கள் செல்போன் மட்டும் ரொம்ப புத்திசாலி. கரையில் கால் வைத்ததும் உள்ளூர் நேரத்துக்குத் தானே மாறிவிடும்!

விளைவு? கப்பல் நேரப்படி 5 மணிக்குள் ஏற வேண்டும். புக்கெட்டில் உங்கள் போன் 4 என்கிறது. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, இன்னொரு இளநீர் சொல்லு" என்று நீங்கள் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கணத்தில் கப்பலில் உங்கள் பெயரை மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பரிகாரம் எளிது. அப்பாவின் பழைய ஹெச்.எம்.டி. வாட்ச் பீரோவில் கிடக்கும். சாவி கொடுத்து, கப்பல் நேரம் வைத்து, கையில் கட்டிக்கொள்ளுங்கள். அதற்கு எந்த நாட்டு சிக்னலும் புரியாது. அதுதான் அதன் பெருமை. கப்பலை விட்டு இறங்கும் இடத்தில் 'திரும்ப வேண்டிய நேரம்' என்று போர்டு வைத்திருப்பார்கள். அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வேன் பிடிப்பது எப்படி?

நாலு பேர் குடும்பமாக இருந்தால் பிரச்னையில்லை. இரண்டு பேர் என்றால் கப்பலில் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டால் செலவு குறையும். ஆனால் முன்பின் தெரியாத ஆறு பேரை ஒரு வேனில் அடைப்பது சாதாரண விஷயமில்லை. ஏறுவதற்கு முன்பே மூன்று விஷயம் பேசிவிட வேண்டும். ஒன்று, எங்கெங்கே, எத்தனை நேரம். இரண்டு, காசு எப்போது, யாரிடம், எந்த நோட்டில். மூன்றாவதுதான் சங்கடமானது. ஒருவர் சொன்ன நேரத்துக்கு வேனுக்கு வரவில்லை என்றால் மற்றவர்கள் எத்தனை நிமிஷம் காத்திருப்பது?

பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். காலையில் பேசாமல் விட்டால் சாயங்காலம் நாலு மணிக்குப் பேச வேண்டியிருக்கும். ஒரு மாமா கடைக்குள் சட்டை பேரம் பேசிக்கொண்டிருப்பார். வேனுக்குள் ஐந்து பேர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாமி ஒருத்தி மட்டும் "இதோ வந்துடுவார், இதோ வந்துடுவார்" என்று கண்ணில் நீர் முட்டச் சொல்லிக்கொண்டிருப்பாள். விட்டுவிட்டுப் போவதா? ஐந்து பேரும் மாட்டுவதா? அந்த நேரத்தில் எந்தப் பதிலும் நல்ல பதிலாக இருக்காது. காலையிலேயே "15 நிமிஷம், அதுக்கு மேல வேன் நிக்காது, அவங்கவங்க டாக்ஸி பிடிச்சு வந்துடணும்" என்று சிரித்துக்கொண்டே முடிவு செய்துவிட்டால், மாமாவும் நேரத்துக்கு வந்துவிடுவார்.

துறைமுக வாசலில் "டாக்ஸி, ஸார்?" என்று மொய்க்கிறவர்களிடம் விலையைப் போக வர, காத்திருக்கும் நேரம் உட்பட, மொத்தமாக முடிவு செய்யுங்கள். எழுதிக் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்து கப்பலுக்குத் திரும்பிய பிறகு பணம். மலேசியா, தாய்லாந்து, வியட்நாமில் கிராப் ஆப் வேலை செய்கிறது. பக்கத்து ஊர் ரேட் என்ன என்று தெரிந்துகொள்ளவாவது அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாங்காக்கில் ரொம்ப அக்கறையான ஒரு முகம் வந்து, "அரண்மனை இன்னிக்கு லீவு, வாங்க வேற இடம் காட்டறேன்" என்றால், அந்த வேற இடம் ஒரு நகைக்கல் கடை என்று புரிந்துகொண்டு நடையைக் கட்டுங்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிற நாடகம் இது.

விசா என்கிற வில்லன்

நம்ம பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் விசா வேண்டும், எங்கே வேண்டாம் என்பது அடிக்கடி மாறுகிற சமாசாரம். புறப்படும் மாதத்தில் கப்பல் கம்பெனியிடமும் அந்தந்தத் தூதரகத் தளத்திலும் பார்த்துவிடுங்கள். இரண்டு விஷயம் மட்டும் மனசில் இருக்கட்டும். சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்குகிற பயணத்தில் அந்த நாட்டுக்குள் நீங்கள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். ஆகவே பல தடவை நுழைகிற விசாவா என்று பாருங்கள். அடுத்தது, சில துறைமுகங்களில் கப்பல் பயணி என்கிற ஒரே காரணத்துக்காக அன்று ஒரு நாள் இறங்க அனுமதி தருவார்கள். கப்பல் போய்விட்டால் அந்த அனுமதியின் உயிரும் போச்சு. அப்புறம் நீங்கள் டூரிஸ்ட் அல்ல, இமிக்ரேஷன் அதிகாரியின் தலைவலி.

பையில் என்ன?

சில கப்பல்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். கரைக்குப் போகும்போது அதன் நகல், கப்பல் கார்டு, உள்ளூர் நோட்டில் கொஞ்சம் பணம், ஒரு கிரெடிட் கார்டு, இரண்டு நாளைக்கு வேண்டிய பிரஷர், சர்க்கரை மாத்திரை. துறைமுகத்தின் பெயரையும் டெர்மினல் நம்பரையும் உள்ளூர் மொழியில் எழுதிய சீட்டு. லாம் சபாங் போன்ற சரக்குத் துறைமுகத்தில் டெர்மினல்கள் பல. தப்பான கேட்டில் இறங்கினால் கன்டெய்னர்களுக்கு நடுவே கண்ணாமூச்சி ஆட வேண்டும்.

இன்னொன்று எல்லாவற்றையும்விட முக்கியம். கப்பலில் தினமும் அறைக்கு வருகிற நிகழ்ச்சித் தாளிலோ கப்பல் ஆப்பிலோ 'போர்ட் ஏஜென்ட்' என்று ஒரு பெயரும் போன் நம்பரும் இருக்கும். அந்த ஊரில் கப்பலின் பிரதிநிதி அவர்தான். பெரும்பாலானவர்கள் பிங்கோ ஆட்டம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத் தாளை வீசிவிடுவார்கள். அந்த நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். லேட்டாகும் என்று தெரிந்த நிமிஷமே கூப்பிடுங்கள். துறைமுகத்துக்கு வந்து கையைப் பிசைந்த பிறகு அல்ல. அரை மணி முன்னால் தெரிந்தால் அவரால் கப்பலுக்குச் சொல்ல முடியும். கப்பல் போய்விட்டாலும், உங்கள் பாஸ்போர்ட் கப்பலிலிருந்து இறக்கப்பட்டிருந்தால் அது அவரிடம்தான் இருக்கும்.

டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் மார்தட்ட வேண்டாம். 'நானாக லேட்டாக வந்தேன்' என்பதற்குப் பணம் தராத பாலிசிகள் உண்டு. வாங்கும்போதே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

பால்கனி ரசிகர் மன்றம்

கப்பல் கிளம்பும் சமயம் மேல்தளத்தில் ஒரு கூட்டம் கையில் ஜூஸோடு நிற்கும். கடைசி நிமிஷத்தில் துறைமுகத்தில் ஓடி வருகிறவர்களைப் பார்க்கத்தான்! கை தட்டுவார்கள், விசிலடிப்பார்கள், வீடியோ எடுப்பார்கள். கைப்பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாக ஒரு தம்பதி ஓடி வரும். ஏறிவிட்டால் ஆரவாரம். ஏற முடியாமல் போனால், கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக மேல்தளம் அமைதியாகிவிடும். கரையில் இரண்டு உருவம் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்க்கிற யாருக்கும் அதற்கு மேல் சிரிப்பு வருவதில்லை.

வருஷம் பூரா ஓவர்டைம் செய்து, பி.எஃப். லோனைத் தொடாமல், சிட்டு கட்டிச் சேர்த்த பணத்தில்தான் நம்மில் பல பேர் இந்தக் கப்பலில் ஏறுகிறோம். அம்மா, அப்பாவை முதல் தடவை கடல் தாண்டி அழைத்துப் போகிறவர்கள் எத்தனை பேர்! தனியாக வேன் பிடித்துப் போங்கள், தப்பே இல்லை. வாட் போவில் சாய்ந்த புத்தரை கைடு விசிலடிக்காமல் நிதானமாகப் பாருங்கள். பினாங்கில் இரண்டாவது தடவை குழம்பு ஊற்றச் சொல்லிச் சாப்பிடுங்கள். திரும்பும்போது மட்டும் கொஞ்சம் முன்னதாக வந்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். மேல்தளத்தில் ரசிகர் மன்றத்துப் பக்கத்திலேயே இடம் பிடித்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு டீ சொல்லுங்கள்.

டீ மட்டும், கப்பலில் இலவசம்!